ஒரே பக்கத்துக்கு மூன்று கணக்கு: இணையதளத்தின் கார்பன் தடத்தை எப்படி அளப்பது?

கேள்வி: மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் ஓர் அறக்கட்டளையின் இணையதளத்தைப் பராமரிக்கிறேன். இந்த ஆண்டறிக்கையில் தளத்தின் கார்பன் தடத்தையும் குறிப்பிட வேண்டும் என்கிறார்கள். எங்கள் முகப்புப் பக்கம் 2.5 மெகாபைட். ஒரு கணிப்பான், ஒரு பார்வைக்கு 0.37 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்கிறது. பழைய கணிப்பான் ஒன்று 0.9 கிராம் என்கிறது. பிரான்ஸ் நாட்டுக் கருவி ஒன்று 2.2 கிராம் என்கிறது. எதை நம்புவது? பசுமை ஹோஸ்டிங்குக்கு, அதாவது தூய மின்சாரத்தில் சர்வர்களை ஓட்டுவதாகச் சொல்லும் நிறுவனத்துக்கு, மாறிவிட்டால் போதுமா? அறிக்கையில் என்ன எழுதலாம்?

பதில்:

இந்த மூன்று எண்களும் மதிப்பீடுகள். உங்கள் பக்கத்தை ஒருவர் திறந்தபோது எங்கும் ஒரு மின்மீட்டர் ஓடி இவற்றைத் தரவில்லை. கருவி பக்கத்தை ஒருமுறை தரவிறக்கி, சில விவரங்களை எண்ணி, அவற்றைத் தன்னிடம் உள்ள ஒரு சூத்திரத்தில் போட்டு விடை சொல்கிறது. சூத்திரம் வேறானால் விடையும் வேறாகும். ஆகவே எந்த எண்ணை நம்புவது என்று கேட்பதைவிட, அது எப்படி வந்தது என்று பார்ப்பது பயன்தரும். கணக்கு அப்படியொன்றும் கடினமில்லை. கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் அந்த 0.37. இன்று புழக்கத்தில் உள்ள பல கணிப்பான்களுக்குப் பின்னால் இருப்பது 'சஸ்டெயினபிள் வெப் டிசைன்' என்ற கணக்கீட்டு மாதிரி. 2024இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பு, ஒரு ஜிகாபைட் தரவு பயணிக்க மொத்தம் 0.3 யூனிட் ஆகிறது என்று கொள்கிறது. நம் வீட்டு மின்கட்டணத்தில் கணக்கிடும் அதே யூனிட்தான், அதாவது ஒரு கிலோவாட் மணி. 2.5 மெகாபைட்டுக்கு 0.00075 யூனிட். உலகச் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 494 கிராம் உமிழ்வு என்று அந்த மாதிரி எடுத்துக்கொள்கிறது. பெருக்கினால் 0.37 கிராம். இதே மாதிரியின் மூன்றாம் பதிப்போ ஜிகாபைட்டுக்கு 0.81 யூனிட், யூனிட்டுக்கு 442 கிராம் என்று கணக்கிட்டது. அதில் போட்டால் ஏறத்தாழ 0.9 கிராம். உங்கள் பக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெருக்கும் எண் மட்டுமே மாறியது. தடம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

பிரான்ஸின் ஈகோஇண்டெக்ஸ் வேறு வழியில் போகிறது. பக்கத்தின் எடை, சர்வருக்குப் போகும் கோரிக்கைகளின் எண்ணிக்கை, பக்கத்தின் கட்டமைப்பில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அது பார்க்கிறது. உறுப்புகளுக்கு 3 பங்கு, கோரிக்கைகளுக்கு 2 பங்கு, எடைக்கு 1 பங்கு என்று சேர்த்து 100க்கு மதிப்பெண் போடுகிறது. பிறகு அந்த மதிப்பெண்ணைக் கிராமாக மாற்றுகிறது: 100 வாங்கினால் 1 கிராம், சுழியம் வாங்கினால் 3 கிராம், இடைப்பட்டவை இடையில். உங்கள் 2.2 கிராமுக்கு மதிப்பெண் 40. இந்த முறையில் எழுத்தே இல்லாத வெற்றுப் பக்கத்துக்கும் ஏறத்தாழ 1 கிராம் வந்துவிடும். காணொளிகளைக் குவித்து வைத்த பக்கமும் 3 கிராமைத் தாண்டாது. தண்ணீர்க் கணக்கும் இதே போல 15 மில்லிலிட்டரில் தொடங்கி 45 மில்லிலிட்டரில் முடிகிறது. ஈகோஇண்டெக்ஸ் தரும் கிராமை நான் அறிக்கையில் சேர்க்க மாட்டேன். ஆனால் அதன் மதிப்பெண்ணை மதிக்கிறேன். பக்கத்தின் சிக்கலுக்கு எடையைவிட அதிக இடம் கொடுத்திருப்பது சரியான முடிவு. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஜிகாபைட்டுக்கு இத்தனை யூனிட் என்ற எண் ஏன் இப்படி ஆடுகிறது? 2018இல் 'ஜர்னல் ஆஃப் இண்டஸ்ட்ரியல் எக்காலஜி' இதழில் ஜோஷுவா அஸ்லான் குழுவினர் எழுதிய கட்டுரை இதைத் தேடிப் பார்த்தது. அதற்கு முன் வெளிவந்திருந்த ஆய்வுகளில் ஒரு ஜிகாபைட்டைக் கடத்த ஆகும் மின்சாரம் 136 யூனிட்டிலிருந்து 0.004 யூனிட் வரை சிதறிக் கிடந்தது. சிலர் வீட்டு மோடத்தைச் சேர்த்தார்கள், சிலர் விட்டார்கள். சிலர் 2000ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார்கள், சிலர் 2008ஐப் பற்றி. எல்லைகளைச் சீராக்கியபின் 2015ஆம் ஆண்டின் கம்பிவழி (செல்போன் வலையமைப்பு அல்லாத) கடத்தலுக்கு அவர்கள் கண்ட விடை 0.06 யூனிட். அது சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகி வந்தது என்பதையும் காட்டினார்கள். வேகமாக மாறும் இத்தகைய எண்ணை ஐந்தாண்டுப் பழைய கட்டுரையிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினால் விடை பெரிய அளவில் பிசகும்.

பிசகியதும் உண்டு. இணையக் காணொளியை அரை மணி நேரம் பார்த்தால் 1.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று பிரான்ஸின் ஷிஃப்ட் புராஜெக்ட் அமைப்பின் பெயரில் 2019இல் ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. சர்வதேச எரிசக்தி முகமையின் ஜார்ஜ் காமியா 2020இல் அதைப் பிரித்து ஆராய்ந்து, ஒரு மணி நேரத்துக்கே 36 கிராம்தான் என்று கணக்கிட்டார். அரை மணிக்கு 18 கிராம். ஏறத்தாழ 90 மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் 8 மடங்கு, பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டதால் மட்டுமே வந்தது. அமைப்பே பின்னர் அதைத் திருத்தியது. ஆனால் திருத்தம் பழைய செய்தியின் அளவுக்குப் பரவவில்லை. அந்த 1.6 கிலோவை இன்றும் சுற்றறிக்கைகளில் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மிகைப்படுத்திய எண் ஒன்று உடைந்தால், அதோடு சேர்த்து உண்மையான அக்கறையையும் மக்கள் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

இன்னொரு அடிப்படைச் சிக்கலும் உண்டு. செல்போன் கோபுரமும் வீட்டு ரவுட்டரும் தரவு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரத்தை இழுக்கின்றன. உங்கள் பக்கத்தில் இன்று ஒரு மெகாபைட்டைக் குறைத்தால் அந்தக் கோபுரத்தின் மின்சாரம் இன்று அந்த விகிதத்தில் குறையாது. ஜோனதன் கூமியும் எரிக் மசானெட்டும் 2021இல் 'ஜூல்' இதழில் இதை விரிவாக எச்சரித்தார்கள். பைட்டைக் குறைத்து என்ன பயன் என்று இதைப் படித்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. பயன் இருக்கிறது. உச்ச நேரத் தேவை வளர வளரத்தான் புதிய கருவிகள் வாங்கப்படுகின்றன, புதிய சர்வர் அறைகள் கட்டப்படுகின்றன. ஆனால் அந்தப் பயன் மெதுவானது, மறைமுகமானது. 'இத்தனை கிராம் மிச்சப்படுத்தினோம்' என்று மறுநாளே அறிவிக்கக்கூடியது அல்ல.

இனி, எனக்கு முக்கியமாகப்படுவது. நான்காம் பதிப்பின் 0.3 யூனிட்டைப் பிரித்துப் பாருங்கள். டேட்டா சென்டருக்கு 0.067. வலையமைப்புக்கு 0.072. பயனரின் கையிலுள்ள கருவிக்கு 0.161. பாதிக்கு மேல் பயனரிடம் இருக்கிறது. அதிலும் சரிபாதி, அந்தக் கருவியைத் தயாரிக்க ஆன ஆற்றலின் பங்கு. உங்கள் தளத்துக்கு மாதம் 10,000 பார்வைகள் என்று வைத்துக்கொள்வோம். 0.37 கிராம் வீதம் ஆண்டுக்குச் சுமார் 44 கிலோ. 19 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளியாகும் அளவு. ஒரே ஒரு புதிய ஸ்மார்ட்போனைத் தயாரிக்கவே சுமார் 50 கிலோ ஆகிறது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எங்கே கவனம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். உங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள். பலரிடம் இருப்பது அண்ணனோ அப்பாவோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த, 2 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கைபேசி. விண்ணப்பப் பக்கம் அதில் திணறுகிறது, சூடாகிறது, பாதி நிரப்பிய படிவம் மறைந்துபோகிறது. 'இந்த போன் இனி எதற்கும் ஆகாது' என்ற முடிவுக்கு ஒரு குடும்பம் வருவதற்கு இப்படிப்பட்ட பக்கங்கள்தான் காரணமாகின்றன. கைபேசி கெட்டுப்போவதில்லை, பக்கங்கள் கனத்துப்போகின்றன. உங்கள் தளம் போன்ற பல தளங்கள் சேர்ந்து ஒரு பழைய கைபேசியின் ஆயுளை ஓராண்டு நீட்டினால், அந்தப் பலன் எந்தக் கணிப்பானிலும் தெரியாது. ஆனால் கணிப்பான் காட்டும் கிராம்களைவிட அது பெரிது.

ஈகோஇண்டெக்ஸ் பக்கத்தின் சிக்கலுக்கு அதிக மதிப்பு கொடுப்பதைப் பாராட்டியதும் இதனால்தான். 300 கிலோபைட் படமும் 300 கிலோபைட் ஜாவாஸ்கிரிப்டும் (பிரவுசரில் ஓடும் நிரல்) பைட் கணக்கில் சமம். கைபேசிக்குச் சமமல்ல. படத்தை ஒருமுறை விரித்துத் திரையில் காட்டிவிட்டு அது ஓய்ந்துவிடும். ஸ்கிரிப்டை அது படித்து, தொகுத்து, இயக்கி, பக்கம் திறந்திருக்கும் வரை அடிக்கடி எழுந்து வேலை செய்ய வேண்டும்.

பசுமை ஹோஸ்டிங் பற்றி. மாற முடிந்தால் மாறுங்கள், நல்ல காரியம்தான். ஆனால் அது தொடுவது டேட்டா சென்டர் இயங்கும் மின்சாரத்தை மட்டும்: 0.3 யூனிட்டில் 0.055, அதாவது 18 விழுக்காடு. அது முழுவதும் சுழியமானாலும் உங்கள் 0.37 கிராம் 0.30 ஆகும். ஹோஸ்டிங்கைத் தொடாமல் பக்கத்தை 600 கிலோபைட்டுக்குக் கொண்டுவந்தால் 0.09 ஆகும். மேலும் 'பசுமை' என்ற சொல்லுக்குப் பின்னால் சில நிறுவனங்களிடம் நேரடியான காற்றாலை, சூரிய மின்சார ஒப்பந்தம் இருக்கும். சிலரிடம் வாங்கிய சான்றிதழ் மட்டுமே இருக்கும். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் மூன்றைக் கேளுங்கள்: மின்சாரம் எங்கிருந்து வருகிறது, மொத்த மின்சாரத்தில் சர்வர்களுக்குப் போவது எவ்வளவு, குளிரூட்ட எவ்வளவு தண்ணீர் ஆகிறது. டேட்டா சென்டர்கள் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழுந்து நிற்கும்போது, 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஊர் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

எந்த நாட்டு மின்சாரம் என்பதையும் கணக்கில் உங்கள் பயனர்களுக்கு ஏற்ப மாற்றுங்கள். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில் இந்திய மின்சாரத்தின் உமிழ்வு யூனிட்டுக்கு 700 கிராமுக்கு மேல். பிரான்ஸில் அணுமின்சாரம் மிகுதி என்பதால் அதில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அந்த 0.3 யூனிட்டில் இயக்கத்துக்கான 0.194 யூனிட்டுக்கு 720 கிராமும், எங்கோ தயாராகி வந்த கருவிகளின் 0.106 யூனிட்டுக்கு உலகச் சராசரியும் வைத்தால் உங்கள் பக்கத்துக்கு 0.48 கிராம் வருகிறது. உங்கள் பார்வையாளர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்றால், மாதிரியின் வரம்புகளுக்கு உட்பட்டு, 0.37ஐவிட இதுவே பொருத்தம்.

சரி, உண்மையாகவே அளக்கக்கூடியது என்ன? நிறைய இருக்கிறது, அதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். கணினியில் குரோமையோ ஃபயர்பாக்ஸையோ திறந்து எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். கேச் (முன்பு இறக்கியதைச் சேமித்து வைத்து மீண்டும் பயன்படுத்துவது) வேண்டாம் என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பக்கத்தை ஏற்றுங்கள். கீழே இரண்டு எடைகள் தெரியும். ஒன்று சுருக்கப்பட்டுக் கம்பி வழியே வந்த எடை, மற்றது விரித்தபின் உள்ள எடை. முன்னதுதான் பைட் மாதிரிகளுக்கான எண். பின்னது பிரவுசர் கையாள வேண்டிய சுமை. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்தின் அடிவரை மெதுவாக நகருங்கள். எண் ஏறிக்கொண்டே போவதைக் காண்பீர்கள். கீழே உள்ள படங்கள் அப்போதுதான் வருகின்றன. தானியங்கிக் கணிப்பான்கள் பல இந்த இடத்துக்கு வருவதே இல்லை. குக்கீ அனுமதி கேட்கும் பெட்டி இருந்தால், ஏற்று ஒருமுறையும் மறுத்து ஒருமுறையும் அளந்து பாருங்கள். கடைசியாக, கேச் பெட்டியைத் தேர்வுநீக்கி இரண்டாம் முறை வருகிறவருக்கு என்ன இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டாம் வருகையிலும் ஏறத்தாழ அதே எடை வந்தால் உங்கள் சர்வரில் கேச் அமைப்பு சரியில்லை. ஒரு மணி நேர வேலை. திருத்தினால் திரும்பி வரும் ஒவ்வொரு மாணவருக்கும் பலன்.

மின்சாரத்தையே பார்க்க வேண்டும் என்றால் ஃபயர்பாக்ஸின் புரொஃபைலர் என்ற ஆய்வுக் கருவி இருக்கிறது. 2022இல் வந்த 104ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 11, ஆப்பிள் எம்1 கணினிகளில் அது மின்நுகர்வைக் காட்டுகிறது. எந்த ஸ்கிரிப்ட் ஓடும்போது வரைபடம் எழும்புகிறது என்று அதிலேயே பார்க்கலாம். முகப்பில் தானாக நகரும் படவரிசை இருந்தால், யாரும் எதையும் தொடாதபோதும் அந்தக் கோடு அடங்காமல் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு அந்தப் படவரிசையை நீக்கச் சொல்லி யாரிடமும் வாதாட வேண்டியிருக்காது.

அலகைத் தேர்வதிலும் கவனம் தேவை. ஒரு பார்வைக்கு இத்தனை கிராம் என்பது சமயத்தில் தவறான திசையைக் காட்டும். ஒரே விண்ணப்பத்தை ஆறு பக்கங்களாக உடைத்தால் ஒரு பக்கத்தின் எண் அழகாகிவிடும், மாணவரின் மொத்தச் செலவு கூடிவிடும். மென்பொருளின் கார்பன் செறிவுக்கான ஐஎஸ்ஓ 21031 தரநிலை 2024இல் வந்தது. அது மொத்த உமிழ்வை ஏதேனும் பொருளுள்ள ஓர் அலகால் வகுக்கச் சொல்கிறது. உங்கள் தளத்துக்கு அந்த அலகு 'நிறைவாகச் சமர்ப்பித்த ஒரு விண்ணப்பம்'. முகப்பில் தொடங்கி ஒப்புகைச்சீட்டு வரை எல்லாவற்றையும் கூட்டி அளங்கள். பார்வைகளின் எண்ணிக்கையை சர்வர் பதிவேட்டிலிருந்து அப்படியே எடுக்க வேண்டாம். அதில் தேடுபொறிகளும் தரவு திரட்டும் நிரல்களும் ஏராளமாகக் கலந்திருக்கும். அவற்றுக்குக் கைபேசியும் இல்லை, திரையும் இல்லை.

அளந்தபின் எங்கே வெட்டுவது என்பதைப் பெரும்பாலும் எண்களே சொல்லிவிடும். விழாவில் கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள்: 4000க்கு 3000 பிக்சல், மூன்று நான்கு மெகாபைட். கைபேசித் திரைக்கு 1080 பிக்சல் அகலம் போதும். பரப்பளவில் பதினான்கில் ஒரு பங்கு. வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் இன்னும் குறையும். அடுத்தது வெளியாரின் ஸ்கிரிப்டுகள். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது யுஎஸ்ஏ டுடே நாளிதழ் ஐரோப்பிய வாசகர்களுக்காகக் கண்காணிப்பு ஸ்கிரிப்டுகளும் விளம்பரமும் இல்லாத பதிப்பை வைத்தது. 5.2 மெகாபைட் பக்கம் 500 கிலோபைட் ஆனது. வாசகருக்கு வேண்டிய செய்தி முழுவதும் அந்த 500 கிலோபைட்டுக்குள் இருந்தது. உங்கள் அறக்கட்டளையில் விளம்பரம் கிடையாது. ஆனால் சமூக ஊடகப் பெட்டிகள், வரைபடம், அரட்டைச் சாளரம், இரண்டு மூன்று புள்ளிவிவரக் கருவிகள் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் கடைசியாக யார் எப்போது பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள்.

தமிழ்த் தளங்களுக்கென்று ஒன்று. தமிழ் உரை கனமானது என்று சிலர் சொல்வார்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'க' 3 பைட், 'கி' 6 பைட் என்பது உண்மைதான். ஆனால் சர்வர் உரையைச் சுருக்கி அனுப்புவதால் நீண்ட கட்டுரைகூடப் பக்க எடையில் மிகச் சிறு பங்குதான். கனப்பது எழுத்துரு. மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று நான்கு கோப்புகளை இறக்குமதி செய்கிறோம். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. படிவப் பக்கத்துக்காவது அதையே பயன்படுத்துங்கள். பைட்டும் மிச்சம்; எழுத்துரு வரும்வரை உரை தெரியாமல் மாணவர் காத்திருக்கவும் வேண்டாம்.

அறிக்கைக்கு வருவோம். பிரான்ஸில் 2021 நவம்பரில் டிஜிட்டல் துறையின் சுற்றுச்சூழல் தடத்தைக் குறைக்க ஒரு சட்டம் வந்தது. அதையொட்டி உருவான அரசுக் கையேட்டின் 2024 பதிப்பில் 78 அளவுகோல்கள் உள்ளன. அவை கிராமைக் கேட்பதைவிட, வடிவமைப்பில் என்ன முடிவுகள் எடுத்தீர்கள் என்பதைக் கேட்கின்றன: எவ்வளவு பழைய கருவியில் இயங்கும், காணொளி தானாக ஓடுகிறதா, தேவையில்லாத தரவை எப்போது அழிக்கிறீர்கள். நீங்களும் இந்த வழியில் எழுதலாம். முதலில் நேரடியாக அளந்தவை: ஒரு விண்ணப்பத்துக்கு ஆகும் மெகாபைட், கோரிக்கைகளின் எண்ணிக்கை, எந்தப் பழைய கைபேசியில் சோதித்துப் பார்த்தீர்கள் என்பது. அடுத்து மதிப்பீடு. அதை ஒற்றை எண்ணாகத் தராமல், எந்த மாதிரி, எந்தப் பதிப்பு, எந்த நாட்டு மின்சாரம் என்ற விவரத்தோடு தாருங்கள். பயனர்களின் கைபேசிகள் அறக்கட்டளையின் மின்கட்டணத்துக்குள் வராதவை என்பதால் அலுவலக மின்சாரத்தின் உமிழ்வோடு இதைக் கூட்டிவிட வேண்டாம். தனி வரியாக இருக்கட்டும். 'கார்பன் நடுநிலைத் தளம்' என்ற முத்திரையைத் தயவுசெய்து ஒட்டாதீர்கள். மேலே சொன்ன கணக்குகளில் எதுவும் அந்தச் சொல்லைத் தாங்காது.

அடுத்த ஆண்டு அளக்கும்போது இந்த ஆண்டின் மெகாபைட்டையும் அதே பதிப்பில் மறுபடி போட்டு, இரண்டையும் சேர்த்து அச்சிடுங்கள். இல்லையென்றால் மாதிரியின் பதிப்பு மாறியதால் வந்த குறைவை, நீங்கள் உழைத்துக் குறைத்ததாக அறிக்கை சொல்லிவிடும்.